கல்லூரிப் பிள்ளைகளுக்குச் சுற்றுச்சூழல் அக்கறை உண்மையிலேயே இருக்கிறதா, ஸ்டேட்டஸ் போடுவதோடு சரியா?

ஸ்டேட்டஸோடு சரி என்று முடிவு கட்டிவிட்டுத்தான் கேட்கிறீர்கள் என்று தோன்றுகிறது. அநேகமாகச் சென்னைப் பக்கம் இருப்பீர்கள்.

நான் திருவாரூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் கௌரவ விரிவுரையாளர். என் பாடம் வணிகவியல். சுற்றுச்சூழல் கல்வித் தாளையும் என் தலையில் கட்டியிருக்கிறார்கள். 1991-ல் உச்ச நீதிமன்றம் போட்ட உத்தரவில் தொடங்கி வந்த கட்டாயப் பாடம் அது. படிப்பதுதான் கட்டாயம், அதற்கென்று ஆள் போடுவது கட்டாயமில்லை போல.

போன வருடம் ஓர் ஆராய்ச்சி மாணவர் வந்து, மாணவர்களின் மனப்பான்மையை அறியும் படிவம் என்று ஒரு கட்டு கொடுத்தார். ‘குளிக்கும்போது ஷவரை இடையில் நிறுத்துவீர்களா?’, ‘காரைத் தவிர்த்துப் பேருந்தில் செல்வீர்களா?’ என்று கேள்விகள். கடைசி பெஞ்ச் பையன் ஒருவன் எழுந்து, “சார், எங்க வீட்டுல ஷவரே இல்ல, எதுல டிக் அடிக்க?” என்றான். கிண்டல் இல்லை, நிஜமான சந்தேகம். கடைசியில் ‘ஒருபோதும் இல்லை’ என்று போட்டான். பெண்கள் எல்லாரும் இலவச டவுன் பஸ்ஸில் வருகிறவர்கள். காரைத் தவிர்ப்பதற்கு முதலில் கார் வேண்டுமே! அந்தப் படிவத்தைக் கூட்டிப் பார்த்தால் என் வகுப்பு பூமிக்கே பாரம் என்றுதான் வந்திருக்கும்.

அதே வகுப்பில் ‘வேளாண் கழிவுகளை எரிக்கக் கூடாது’ என்று பாடம் நடத்தினேன். ஒரு பெண் விடவில்லை. சம்பா அறுப்புக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்பே ஈரத்தில் உளுந்து தெளித்துவிடுகிறார்கள். பெல்ட் வண்டி என்கிற அறுவடை மெஷின் அறுத்துத் தள்ளும் வைக்கோல், வரிசை வரிசையாக முளைமேல் கிடக்கும். கட்டுக் கட்டும் மெஷின் வருவதற்குள் அடியில் முளை வெளுத்துவிடும். அதனால் வாரி வரப்பில் போட்டுக் கொளுத்துகிறார்கள். “மாடு இருந்தா ஏன் சார் கொளுத்தறோம்?” என்றாள். என் புத்தகத்தில் அதற்குப் பதில் இல்லை.

‘அப்போ எரிக்கலாம் என்கிறாயா?’ என்று கமெண்டில் வராதீர்கள். பிள்ளைகளுக்கு நான் வக்காலத்தும் வாங்கவில்லை. 2019 ஜனவரியில் பிளாஸ்டிக் தடை வந்தும் கல்லூரிக்குப் பின்னால் வாய்க்காலில் டீ கப் மிதக்கிறது. எறிவது இவர்கள்தான். சொன்னால் “குப்பைத் தொட்டி எங்க சார்?” என்கிறார்கள். தொட்டி அலுவலகத்து வாசலில் மட்டும்தான் இருக்கிறது, அதுவும் உண்மை.

ஆனால் 2017-ல் கதிராமங்கலத்தில் எண்ணெய்க் குழாய் கசிந்தபோது, பள்ளிச் சீருடையோடு போராட்டப் பந்தலில் உட்கார்ந்திருந்தவர்களும் இவர்களில் உண்டு. 2020-ல் டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலம் ஆக்கிய சட்டம் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த எண்ணெய்க் கிணறுகளைத் தொடவில்லை என்பதை எனக்குச் சொன்னதே ஒரு இரண்டாம் ஆண்டுப் பையன்தான்.

இதையெல்லாம் மதிப்பெண்ணில் கொண்டுவர வழியில்லை. மரத்தின் பயன்கள் ஐந்தை எழுதினால் பத்து மார்க். அந்தத் தாளைத் திருத்துகிற எனக்கு மே மாதச் சம்பளம் கிடையாது. அது வேறு கதை, விடுங்கள்.

நீங்களும் படிவம் தூக்கிக்கொண்டு வருகிற ஆளாக இருந்தால், தையில் வாருங்கள். பாதி வகுப்பு இருக்காது, வயலில்தான் நிற்பார்கள். அங்கே போய்க் கேளுங்கள்.