சிபாப் போட்டுத் தூங்கினால் காது அடைக்கிறதே, ஆபத்தா?

கேள்வி: ஸ்லீப் அப்னியாவுக்காக (தூக்கத்தில் மூச்சு அடிக்கடி தடைபடும் கோளாறு) மூன்று வாரமாக சிபாப் மெஷின் (மாஸ்க் வழியாகக் காற்றை அழுத்தமாகச் செலுத்தும் கருவி) வைத்துத் தூங்குகிறேன். அழுத்தம் 11. காலையில் இரண்டு காதும் அடைத்திருக்கின்றன. எச்சில் விழுங்கினால் ‘டப்’ என்று விடுகிறது. செவிப்பறை கிழிந்துவிடுமோ என்று பயம். நிறுத்திவிடலாமா?

பதில்: நிறுத்த வேண்டாம். மூக்கின் பின்புறத்திலிருந்து நடுக்காதுக்கு யூஸ்டேசியன் குழாய் போகிறது. சுமார் 3.5 சென்டிமீட்டர் நீளம். எப்போதும் மூடியே கிடக்கும். விழுங்கும்போதும் கொட்டாவி விடும்போதும் ஒரு கணம் திறக்கும். மாஸ்க் போட்டிருக்கையில் மூக்குக்குள் காற்று அழுத்தமாக நிற்கிறது. தூக்கத்தில் நீங்கள் எச்சில் விழுங்கினால் அந்தக் காற்றில் கொஞ்சம் நடுக்காதுக்குள் புகுந்து, செவிப்பறையை வெளிப்பக்கம் தள்ளும். அதுதான் அடைப்பு. காலையில் மாஸ்க்கைக் கழற்றி விழுங்கியதும் வந்த வழியே வெளியேறுகிறது. ‘டப்’ என்று கேட்பது, குழாய் ஒழுங்காக வேலை செய்கிறது என்பதற்கு அடையாளம்.

சரி, செவிப்பறை கிழியுமா? மெஷினில் 11 என்றால் 11 சென்டிமீட்டர் உயரத் தண்ணீரின் அழுத்தம். தண்ணீருக்குள் அரைச் சாண் ஆழத்தில் காது இருந்தால் எவ்வளவு அழுத்துமோ அவ்வளவுதான், இங்கே உள்ளிருந்து வெளியே. நல்ல செவிப்பறை இதற்குக் கிழியாது. ஏற்கெனவே ஓட்டை இருந்தால் காது வழியாகக் காற்று உஸ்ஸென்று கசியலாம். அதை டாக்டரிடம் காட்ட வேண்டும்.

நான் முதலில் பார்க்கச் சொல்வது மூக்கைத்தான். சளியோ அலர்ஜியோ வறண்ட காற்றோ மூக்கை வீங்கவைத்தால் குழாயின் வாயும் வீங்கும். காற்று சுலபமாக வெளியே வராது. மெஷினில் காற்றை ஈரமாக்கும் ஹியூமிடிஃபையர் இருந்தால் தினமும் போடுங்கள். படுக்குமுன் உப்புக்கரைசல் ஸ்ப்ரே அடியுங்கள். அலர்ஜி இருந்தால் அதற்கான மருந்தை டாக்டர் தருவார். அழுத்தத்தை நீங்களாகக் குறைக்காதீர்கள். மூச்சை வெளிவிடும்போது அழுத்தம் தணியும் வசதி பல மெஷின்களில் உண்டு, தூக்க மருத்துவரிடம் கேளுங்கள்.

அப்புறம், அடைப்பை எடுக்க மூக்கைப் பொத்திக்கொண்டு ஊதாதீர்கள். உள்ளே காற்று ஏற்கெனவே அதிகம், நீங்கள் இன்னும் ஏற்றுகிறீர்கள். விழுங்குங்கள், கொட்டாவி விடுங்கள், போதும்.

கடும் வலி, சீழ், ரத்தம், தலைச்சுற்றல், நாள் முழுக்க விலகாத அடைப்பு இவற்றில் எது வந்தாலும் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள். திடீரெனக் காது கேட்காமல் போனால் அன்றைக்கே போக வேண்டும். காதில் சமீபத்தில் அறுவை சிகிச்சை செய்திருந்தால், மாஸ்க் போடுமுன் அந்த சர்ஜனிடம் பேசிவிடுங்கள்.