வக்வா ஓலை வெடிப்பது, பை தொளதொளப்பது

மொரீசியஸின் க்யூர்பிப்பில் மகளிர் குழுவோடு, வக்வா என்னும் தாழை இன மரத்தின் ஓலையில் தாந்த் பை (அந்நாட்டுக் கைப்பிடிக் கூடைப்பை) பின்னப் பழகுகிறீர்கள். ஓலை மடிப்பில் வெடிக்கிறது, முடித்த பையும் சில நாளில் தொளதொளத்துப்போகிறது என்று கேட்டிருந்தீர்கள். உங்கள் கையில் குறை இல்லை, ஓலையில்தான்.

சரியாகக் காயாத ஓலையில் பின்னினால், பின்னிய பிறகு அது சுருங்கி இழைக்கு இழை சந்து விழும். தண்ணீரில் நெடுநேரம் ஊறப்போட்டுப் பின்னினாலும் இதே கதைதான். ஒரு காலத்தில் மொரீசியஸ் சர்க்கரை வக்வா சாக்கில்தான் கப்பலேறியது, அவ்வளவு உறுதியான சரக்கு இது. இரண்டு விளிம்பு முள்ளையும் அடிப்பக்க நடுநரம்பு முள்ளையும் சீவிவிட்டு (நடுமுள்ளை மறந்தால் விரல் கிழியும்), பச்சை நிறம் முழுக்கப் போகும்வரை காயவையுங்கள். உங்கள் ஊர் மழைக்கு அது லேசில் நடக்காது. வெயிலடிக்கும் மேற்குக் கரையில் ஃப்ளிக் அன் ஃப்ளாக் பக்கம் சொந்தக்காரர்கள் இருந்தால், காயவைக்க ஓலைக் கட்டுகளைக் கொடுத்தனுப்புங்கள். அரைகுறையாகக் காய்ந்ததைச் சுருட்டி வைத்தால் பூசணம் பூக்கும்.

வெடிப்புக்கு வழி வேறு. பின்னுவதற்கு முந்தின இரவு ஈரத்துணியில் சுற்றி வையுங்கள், அது போதும். காலையில் ஒவ்வொரு இழையையும் கட்டைவிரலுக்கும் கத்தி முதுகுக்கும் நடுவே வைத்து நீளவாக்கில் இழுத்துவிடுங்கள். விறைப்பு போய் நாடா மாதிரி வளையும். அப்படியும் மடிப்பில் வெடித்தால் அந்த ஓலை முற்றல், கைப்பிடிக்குள் திணிக்க வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், இழைகளின் அகலம் ஒன்றுபோல் இருக்கிறதா? குழுவில் யாரிடமாவது ஊசி வரிசை அடித்த மரக்கட்டை இருந்தால் அதில் கிழியுங்கள்.