ஆறு வினாடி மகுடத்துக்கு அனுமதி வேண்டுமா?

கேள்வி: எங்கள் ஊர் சுடலைமாடன் கோயில் கொடை விழாவுக்கு ஒரு பாட்டு செய்திருக்கிறேன். 1998-ல் வெளியான கணியான் கூத்து (கோயில் கொடையில் ஆடிப்பாடும் கூத்து) கேசட்டிலிருந்து, அந்தக் கூத்தின் தோல்வாத்தியமான மகுடத்தின் அடியை ஆறு வினாடி வெட்டி, சுருதியைக் குறைத்து, பாட்டு முழுக்கத் திரும்பத் திரும்ப லூப்பாக ஓடவிட்டிருக்கிறேன். ஏழு வினாடிக்குள் எடுத்தால் காப்பிரைட் வராது என்கிறார் ஸ்டுடியோக்காரர். கேசட் கம்பெனியும் இப்போது இல்லை. யூடியூபில் போடலாமா சார்?
- ஒரு வாசகர், வள்ளியூர்

பதில்: இப்படியே போடாதீர்கள் தம்பி. ஏழு வினாடிக் கணக்கு 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் எங்கேயும் கிடையாது. பாளையங்கோட்டையில் என்னைப் பார்க்க வரும் பிள்ளைகள் பலரும் இதையே சொல்கிறார்கள், யார் கிளப்பிவிட்டார்களோ!

மகுடத்தின் தாளம் தலைமுறை தலைமுறையாக வருவது. அது யாருடைய தனிச்சொத்தும் இல்லை. அதே அடியை நீங்கள் ஆள் வைத்து அடிக்கச் சொல்லிப் பதிந்தால் கேட்பாரில்லை. ஆனால் கேசட்டில் இருக்கும் ஒலிப்பதிவுக்குத் தனி உரிமை உண்டு. வெளியான மறு ஆண்டிலிருந்து 60 ஆண்டு. உங்கள் கேசட்டுக்கு 2058 முடியும்வரை. அடித்தவர்களுக்குக் கலைஞர் உரிமை 50 ஆண்டு. கம்பெனியை மூடிவிட்டாலும் உரிமை யாரிடமாவது இருக்கும்.

சுருதியைக் குறைத்ததும் கைகொடுக்காது. அமெரிக்காவில் இரண்டு வினாடி கிட்டார் ஒலியைச் சுருதி குறைத்து லூப் போட்டவர்களிடம், 'உரிமம் வாங்கு, இல்லாவிட்டால் எடுக்காதே' என்றது ஒரு மேல்முறையீட்டு நீதிமன்றம், 2005-ல். 2016-ல் அங்கேயே இன்னொரு நீதிமன்றம் கால் வினாடிகூட இல்லாத ஒலியை விட்டுவிட்டது. இரண்டும் நம் நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தாது. ஆனாலும் பாட்டு முழுக்க ஓடும் லூப்பை 'கொஞ்சம்தானே எடுத்தான்' என்று இங்கே வாதாட எனக்குத் துணிச்சல் வராது.

அப்புறம் என்ன செய்வது? ஒரு கணியான் செட்டையே கூப்பிடுங்கள். கூர்மையாக ஒலிக்கும் உச்ச மகுடத்தையும் அடங்கி ஒலிக்கும் மந்த மகுடத்தையும் தீயில் காய்ச்சி எதிரெதிரே அடிக்கவிட்டு, ஆளுக்கொரு மைக்கில் பதியுங்கள். கேசட் இரைச்சலில் அமுங்கிப்போன மந்தம் அப்போதுதான் முழுசாகக் கேட்கும்.

அதற்கு முன்னால், கூலி பேசியதோடு நிற்காமல் தாளில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். அவர்கள் உங்களுக்கு எழுதிக்கொடுக்கும் உரிமை எத்தனை ஆண்டுக்கு என்று எழுதாவிட்டால் சட்டம் 5 ஆண்டு என்றுதான் கொள்ளும்; எந்த ஊருக்கு என்று எழுதாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும். உங்கள் பாட்டை துபாயில் இருக்கும் நம்மூர்க்காரரும் கேட்பார் இல்லையா, உலகம் முழுவதும் என்றே எழுதுங்கள். வருமானத்தில் அவர்களுக்கு என்ன பங்கு என்பதையும் அதிலேயே சேருங்கள்.

முன்னின்று பாடும் அண்ணாவி பெயரும் மகுடக்காரர்கள் பெயரும் பாட்டுக்குக் கீழே வரட்டும். 2012 திருத்தத்துக்குப் பிறகு அது அவர்கள் சட்டப்படி கேட்டு வாங்கக்கூடிய உரிமை. கேட்கும்வரை காத்திருக்காமல் நீங்களே போட்டுவிடுங்கள்.