கிளட்ச் நழுவுகிறதா? பிளேட் வாங்குமுன் இதைப் பாருங்கள்

உங்கள் பைக்கில் போன மாதம் ஆயில் மாற்றியதாகவும், இப்போது நான்காம் கியரில் ஆக்ஸிலேட்டரைத் திருகினால் இன்ஜின் மட்டும் இரைகிறது, வண்டி வேகம் பிடிக்கவில்லை, மேம்பாலம் ஏறும்போது இன்னும் மோசம் என்றும் சொல்கிறீர்கள். கிளட்ச் நழுவல்தான், அதாவது கிளட்ச் பிளேட்டுகள் இறுகப் பிடிக்காமல் வழுக்குகின்றன. ஆனால் மெக்கானிக் சொன்னார் என்று உடனே பிளேட் செட் வாங்கிவிடாதீர்கள்.

முதலில் கிளட்ச் லீவரைப் பாருங்கள். அதன் நுனியில் 10 மி.மீ. அளவுக்காவது லூசு ஆட்டம் வேண்டும். கேபிள் விறைப்பாக இருந்தால் கிளட்ச் எப்போதும் அரைகுறையாக அழுந்தியே இருக்கும். அட்ஜஸ்டரைத் தளர்த்தினாலே சில வண்டிகளில் தீர்ந்துவிடும், செலவில்லாமல்.

அப்புறம் ஆயில். போன மாதம் மாற்றியதாகச் சொன்னீர்களே, எனக்கு அதன்மேல்தான் சந்தேகம். உங்கள் பைக்கில் கிளட்ச் இன்ஜின் ஆயிலிலேயே மூழ்கி ஓடுகிறது. கார் ஆயில் சிலவற்றில் உராய்வைக் குறைக்கும் சேர்மானம் உண்டு. அது பிளேட்டை வழுக்க வைக்கும். டப்பாவில் ஜாசோ எம்ஏ அல்லது எம்ஏ2 (JASO MA, MA2) என்று இருக்கிறதா பாருங்கள், ஆயிலில் மூழ்கி ஓடும் கிளட்சுக்கு ஏற்றது என்பதற்கான தரக்குறி அது. இல்லையென்றால் வடித்து மாற்றி, கொஞ்ச நாள் ஓட்டிப் பாருங்கள்.

அதற்கும் அடங்காவிட்டால் கிளட்ச் கவரைத் திறக்க வேண்டியதுதான். உராய்வு பிளேட்டின் தடிமனையும் ஸ்பிரிங் நீளத்தையும் அளக்கச் சொல்லுங்கள். ஸ்டீல் பிளேட் நீலம் பூத்திருந்தால் சூடேறி வளைந்திருக்கலாம், அதையும் மாற்றுங்கள். புது உராய்வு பிளேட்டை ஆயிலில் ஊறவைத்த பிறகே மாட்ட வேண்டும். அவசரத்தில் பலர் இதை விட்டுவிடுகிறார்கள்.