காட்டுத்தீ இயற்கைக்குப் பகையா?

போடிக்கு மேலே, கேரள எல்லையை ஒட்டிய குரங்கணிச் சரிவுகளில் கோடையில் கருகிய புல் மழைக்குப் பின் எப்படித் தழைக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். புல்லின் வளர்முனை மண்ணை ஒட்டியோ மண்ணுக்குள்ளோ இருப்பதால், தாள் எரிந்தாலும் உயிர் தங்கிவிடுகிறது. சிற்றீந்து என்னும் குட்டையான ஈச்ச மரமும் அப்படியே அடியிலிருந்து துளிர்க்கும். ஏறத்தாழ 42 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய பாறைகளிலேயே தீயின் கரித்தடம் கிடைப்பதால், தடித்த பட்டை, நிலத்தடிக் கிழங்கு போன்ற காப்புகளை இயற்கைத் தேர்வு வளர்த்தெடுக்க நெடிய அவகாசம் இருந்தது. ஆனால் அருகே மலைமடிப்புகளில் நிற்கும் சோலை எனப்படும் பசுமைமாறாக் காட்டின் மரங்களுக்கு ஈரமே அரண். அது வறண்டால் அவை தாங்கமாட்டா. எனவே தீ நல்லது என்று பொதுவாகச் சொல்வதை நான் ஏற்கமாட்டேன்: இங்கே பெரும்பாலும் மின்னலால் அல்ல, மனிதராலேயே தீ மூள்கிறது, அது ஆண்டுதோறும் திரும்பினால், மரக்கன்றுகள் தீயைத் தாங்கும் பருமனை எட்டுவதே இல்லை.