மீசை வழியாக வரும் கடல்

கேள்வி: பிப்ரவரியில் குடும்பத்தோடு அந்தமான் போகிறோம். வண்டூரிலிருந்து ஜாலி பாய் தீவுக்குப் படகில் போய் ஸ்நார்கெலிங் (கண்ணாடியும் மூச்சுக்குழாயும் மாட்டிக் குப்புற மிதந்தபடி கடலுக்குள் பார்ப்பது) செய்யவும், டால்பின், ஆமை ஏதாவது கண்ணில் பட்டால் பார்க்கவும் ஆசை. எங்களில் ஒருவருக்கும் நீந்தத் தெரியாது. மகளுக்கு 11 வயது, மகனுக்கு 7. மாமியாருக்கு 63, இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறார். என்னென்ன ஆயத்தம் செய்ய வேண்டும்?
– ஒரு வாசகி, மஞ்சக்குப்பம், கடலூர்.

பதில்: நீச்சல் தெரியாததற்காகக் கவலைப்படாதீர்கள். லைஃப் ஜாக்கெட் மிதக்க வைக்கும். வழிகாட்டி மிதவை டியூபைப் பிடித்து இழுத்துப் போவார். புதியவர்கள் மிரள்வது மூச்சில்தான். மூக்கை மூடிக்கொண்டு, வாயில் கவ்விய குழாயால் மட்டும் மூச்சு விட்டபடி முகத்தைத் தண்ணீருக்குள் வைத்துப் பாருங்கள். இடுப்பளவு தண்ணீரில்கூட உடம்பு பதறும்.

அந்தப் பதற்றத்தை வீட்டிலேயே தீர்த்துக்கொள்ளலாம். மூக்கையும் சேர்த்து மூடும் கண்ணாடியும் குழாயும் இப்போதே வாங்கிவிடுங்கள். விசேஷத்துக்கு எடுக்கும் பெரிய அண்டாவில் தண்ணீர் நிரப்பி, ஒருவர் மாற்றி ஒருவராக முகத்தை வைத்து நூறு எண்ணும்வரை மூச்சு விடுங்கள். பிள்ளைகள் செய்யும்போது பெரியவர் ஒருவர் பக்கத்திலேயே நிற்க வேண்டும். முதல் நாள் சிரிப்பும் இருமலுமாக இருக்கும். நான்காம் நாள் மகன் அண்டாவை விட்டு எழமாட்டான். பிறகு ஒரு நாள் நீச்சல் குளத்துக்குப் போங்கள். தேவனாம்பட்டினம் கடற்கரையில் மட்டும் பழக வேண்டாம். அங்கே அலையும் இழுப்பும் அதிகம், தண்ணீரும் கலங்கல்.

கண்ணாடி வாங்கும்போது வாரை மாட்டாமல் முகத்தில் வைத்து மூக்கால் லேசாக உறிஞ்சுங்கள். கையை எடுத்தாலும் ஒட்டிக்கொண்டு நின்றால் அது உங்கள் முகத்துக்கான அளவு. உங்கள் கணவருக்கு அடர்ந்த மீசை என்றால் ரப்பர் விளிம்பு தோலில் படியாது. மீசை வழியாகவே கடல் உள்ளே வரும். மூக்கை ஒட்டிய மேல்வரிசை முடியை மட்டும் மழித்தால் போதும். மனமில்லை என்றால் வாசலின் தடவலாம், ஓரளவுக்குத் தாங்கும். புதுக் கண்ணாடியில் ஆவி படியும். உள்பக்கம் பற்பசை தேய்த்துக் கழுவிவிட்டுப் போங்கள்.

அடுத்தது குமட்டல். புதுச்சேரியில் விடியற்காலையில் டால்பின் பார்க்க அழைத்துப் போகும் படகுகள் உண்டு. ஊருக்குப் பக்கத்திலேயே ஒருமுறை போய்வந்தால் யாருக்குத் தலை சுற்றுகிறது என்று தெரிந்துவிடும். நான் முதல் முறை நெய் மிதக்கும் பொங்கலைச் சாப்பிட்டுவிட்டு ஏறினேன். டால்பின் வந்ததாம், நான் படகின் மறுபக்கம் குனிந்துகொண்டிருந்தேன். இரண்டு இட்லி போதும். நடுப்பகுதியில், டீசல் புகை வராத இடமாகப் பார்த்து உட்கார்ந்து, தொடுவானத்தைப் பாருங்கள், கைபேசியைப் பார்க்காதீர்கள். மாத்திரை போடுவதானால் ஏறுவதற்கு அரைமணி, ஒருமணி நேரம் முன்பே போட வேண்டும். குமட்டல் தொடங்கிய பிறகு பெரிதாகப் பலன் இருக்காது. பிள்ளைகளுக்கு எவ்வளவு, மாமியாருக்குக் கொடுக்கலாமா என்பதை உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள்.

மாமியாரைத் தண்ணீரில் இறங்கச் சொல்லி வற்புறுத்த வேண்டாம். கண்ணாடி அடித்தளப் படகில் உட்கார்ந்தபடியே அவர் பவளப்பாறையைப் பார்க்கலாம். ஆனால் படகு மாறி ஏறும்போது நனைந்த புடவை காலைச் சுற்றும். அன்று ஒரு நாள் சுடிதாருக்குச் சம்மதிக்க வையுங்கள். நகைகள் அறையிலேயே இருக்கட்டும்.

நீங்கள் எல்லோரும் முழுக்கைச் சட்டை போடுங்கள். குப்புற மிதக்கும்போது வெயில் முதுகையும் முழங்காலின் பின்புறத்தையும்தான் சுடும். ஆக்ஸிபென்சோன் கலந்த வெயில் களிம்பு பவளத்துக்குக் கெடுதல். ஹவாய் 2021 முதல் அதன் விற்பனையையே தடை செய்திருக்கிறது. துத்தநாக ஆக்ஸைடு உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள்.

பிள்ளைகளிடம் கண்டிப்பாகச் சொல்ல வேண்டியது ஒன்று: பவளத்தின் மேல் காலை ஊன்றக் கூடாது, ஒரு துண்டைக்கூடச் சட்டைப்பையில் போடக் கூடாது. பார்க்கக் கல்லாக இருந்தாலும் அது உயிர். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் புலிக்கு உள்ள அதே முதல் அட்டவணையில் பவளமும் இருக்கிறது. விமான நிலையத்தில் பெட்டியைத் திறக்கச் சொன்னால் ‘குழந்தை எடுத்தது’ என்பது பதிலாகாது. டால்பின் வந்தால் படகோட்டியிடம் துரத்தச் சொல்லாதீர்கள். விருப்பம் இருந்தால் அதுவே படகோடு சேர்ந்து நீந்தும்.

ஜாலி பாய், 1983இல் அமைக்கப்பட்ட மகாத்மா காந்தி கடல் தேசியப் பூங்காவைச் சேர்ந்தது. வனத்துறை அனுமதிச் சீட்டு வேண்டும். பிளாஸ்டிக்குக்குத் தடை, ஆகவே தண்ணீருக்கு எவர்சில்வர் பாட்டில், தின்பதற்கு எவர்சில்வர் டப்பா. பயண நாளை மட்டும் திங்கட்கிழமையாக வைத்துவிடாதீர்கள். அன்று பூங்காவுக்கு விடுமுறை.