கைமரம் 16 அடியா, 14 அடியா?

கேள்வி: மொட்டைமாடியில் மங்களூர் ஓடு போட்டுக் கூரை எழுப்புகிறோம். அகலம் 20 அடி, நீளம் 30 அடி. நடுமுகடு சுவர்மட்டத்திலிருந்து 5 அடி உயரம். இரண்டு பக்கமும் சுவரைத் தாண்டி 2 அடி இறவாரம். ஆசாரி 16 அடி நீளத்தில் 4×2 இன்ச் கைமரம் (முகட்டிலிருந்து இறவாரம் வரை சாய்வாக இறங்கும் மரம்) 32 வாங்கச் சொல்கிறார். ஓடு வேய்பவரோ 805 சதுர அடிக்குக் கூலி கேட்கிறார். 600 சதுர அடி இடத்துக்கு 805 எப்படி வரும்?
— வாசகி, தக்கலை

பதில்: ஓடு வேய்பவர் சொன்னது சரி. விசாரிக்க வேண்டியது ஆசாரியின் மரக்கணக்கைத்தான்.

அகலத்தில் பாதி 10 அடி, ஏற்றம் 5 அடி. பள்ளிக்கூடத்துப் பிதாகரஸ்தான்: 100-ம் 25-ம் கூட்டினால் 125, அதன் வர்க்கமூலம் 11.18. அதாவது கிடையாக ஓர் அடி போனால் மரம் 1.118 அடி வேண்டும். இறவாரத்தோடு கிடைநீளம் 12 அடி. அதை 1.118-ஆல் பெருக்கினால் 13 அடி 5 இன்ச். 14 அடி மரத்தில் 7 இன்ச் மிச்சம். நுனியில் வெடிப்பு இருந்தால் வெட்டித் தள்ள அது போதும். முகட்டில் 2 இன்ச் பலகை நிறுத்தினால் இன்னும் ஓர் இன்ச் சொச்சம் குறையும்.

நீளத்தை எட்டாகப் பங்கிட்டு ஒன்றைத் தள்ளி, உயரத்தில் பாதியைச் சேர்க்கச் சொல்லும் பழைய கர்ணக் கணக்கு வாட்ஸ்அப்பில் உங்களுக்கும் வந்திருக்கும். கிடை 12 அடி, அதற்குரிய ஏற்றம் 6 அடி என்று போட்டால் 13.5 வரும், ஓர் இன்ச் கூடுதல். மரம் வாங்க அது போதும், அறுக்க உதவாது.

கூலிக்கு வருவோம். ஓடு சாய்வின் மேல்தானே கிடக்கிறது? ஒரு பக்கம் 13.42 × 30, இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து 805. ஒரு சதுர அடிகூட ஏற்றிச் சொல்லவில்லை.

ஆசாரியிடம் ஒன்று கேளுங்கள்: "இறவாரம் எவ்வளவு வைத்துக் கணக்குப் போட்டீர்கள்?" 4 அடி என்றால் மரம் 15 அடி 8 இன்ச் ஆகும், அப்போது 16 அடி நியாயம். ஆனால் ஓட்டுப் பரப்பும் 939 ஆகிவிடும். 16 அடியும் 805-ம் ஒரே கூரைக்குப் பொருந்தாது. 2 அடிதான் என்றால் 14 அடியே வாங்குங்கள். 16 அடிக்கு 28.4 கன அடி, 14 அடிக்கு 24.9. மூன்றரை கன அடி மரம் சும்மா துண்டாகப் போகும்.

கோணம் 26.6 பாகை. பாகைமானி தேவையில்லை. மூலைமட்டத்தின் (ஆசாரியின் L வடிவ அளவுகோல்) ஒரு கையில் 12 இன்ச், மறு கையில் 6 இன்ச் குறியை மரத்தின் ஓரத்தோடு பொருத்தினால், 6 இன்ச் கை காட்டும் கோடுதான் முகட்டு வெட்டு, 12 இன்ச் கை காட்டுவது சுவர்மேல் கிடக்கும் சுவர்க்கட்டையில் உட்காரும் வெட்டு. அங்கே வெட்டும் காடி (பள்ளம்) மரத்தின் ஆழத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. 4 இன்ச் மரத்தில் ஒன்றேகால் இன்ச்சோடு நிறுத்தச் சொல்லுங்கள். முதல் கைமரத்தை அறுத்து மேலே ஏற்றிப் பார்த்து, அது சரியாக உட்கார்ந்த பிறகுதான் மற்ற 31-ஐயும் அறுக்க விடுங்கள்.

அப்புறம், டிப்போவில் மொத்தக் கன அடியை மட்டும் எழுதிய பில்லை வாங்காதீர்கள். நீளம், அகலம், கனம், எண்ணிக்கை நான்கும் பில்லில் இருக்கட்டும். வண்டியில் ஏற்றும் முன் டேப் வைத்து நாலைந்து மரத்தையாவது அளந்து பாருங்கள்.